தப்பையும் அப்படியே சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது அபிராமியின் வீடியோ கால் வந்தது. காது கேளாத பெண். என் பழைய மாணவி. இப்போது திண்டிவனத்தில் சைட் இன்ஜினியர். திரையில் அவள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல் விரலை உயர்த்தினாள். ஜெசிந்தா டீச்சருக்கு மாணவிகள் வைத்த சைகைப் பெயர் அது. அடுத்த சைகைக்கு அவள் கை எழவில்லை. அழுதாள். எனக்குப் புரிந்துவிட்டது. மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு.

செஞ்சிக்கு வெளியே எங்கள் வளாகத்தில் இன்ஜினியரிங் கல்லூரியும் பி.எட். கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான் சிவில் துறை. அவர் பி.எட். மாணவர்களுக்குக் காது கேளாதோர் கல்வி நடத்தியவர். அபிராமி என் வகுப்பில் சேர்ந்ததும், தம் ஓய்வு நேரத்தில் வந்து பாடத்தைச் சைகையில் சொல்ல ஆரம்பித்தார். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், போர்டைப் பாத்துக்கினே பாடம் எடுக்கறீங்க. போர்டு பாஸாயிடும். இந்தப் பொண்ணு உங்க வாயைப் பாக்க வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு திரும்பி நின்று நடத்தப் பழகினேன்.

தாங்குசுவர், மண் அழுத்தம் போன்றவற்றுக்குச் சைகை இல்லை. டீச்சரும் அபிராமியும் கேன்டீனில் உட்கார்ந்து உருவாக்கினார்கள். அதற்காக டீச்சர் என்னிடம் பாடம் கேட்டுக் கேட்டு, பாதி சிவில் இன்ஜினியர் ஆகிவிட்டார்.

கடைசி ஆண்டு வைவா. அபிராமியின் புராஜெக்ட், பனமலை ஏரிக்கரைக்கு ஒரு தாங்குசுவர். 'ஃபெயிலானா படிச்சது போதும், கல்யாணம்தான்னு நைனா சொல்லிட்டாரு' என்று முந்தின நாளே டீச்சரிடம் சைகையில் சொல்லியிருந்தாள்; அவர்தான் எனக்குச் சொன்னார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எடுத்தவுடன் டீச்சரிடம் கேட்டார்: "நீங்க சொல்லப்போறது அந்தப் பொண்ணு பதிலா, உங்க பதிலா?"

"அவ கை சொல்றதுதான் என் வாய் சொல்லும், சார்."

"சரி. சுவரில் முக்கியக் கம்பி எந்தப் பக்கம் வரும்?"

மண் பக்கம். டீச்சருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் பதற்றத்தில் அபிராமி தப்பாகக் காட்டினாள். பாடச் சைகைகள் மட்டும் எனக்கும் பழகியிருந்தன. மாற்றிச் சொல்லுங்கள் டீச்சர், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசுக்குள் கத்தினேன்.

"வெளிப்பக்கம்" என்றார் டீச்சர். குரல் நடுங்கவில்லை.

தேர்வாளர் பேனாவை எடுத்தார். "நிச்சயமாவா?" டீச்சர் அந்தக் கேள்வியையும் சைகையில் காட்டினார், வேறு எதுவும் காட்டவில்லை. அபிராமி டீச்சரின் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு இடது உள்ளங்கையைச் சுவராக நிமிர்த்தி, வலது கையை மண்ணாக வைத்துத் தள்ளினாள். சுவர் வளைந்தது. மண் பக்கம் இழுபடுவதையும், கம்பி அங்கேதான் வேண்டும் என்பதையும் தன் கையிலேயே கண்டுகொண்டாள்.

"தப்பு சார். மண் பக்கம்" என்றார் டீச்சர்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "நீங்க சொல்லிக்கொடுக்கலன்னு இப்ப நம்பறேன்." அபிராமி பாஸ்.

வராந்தாவில் டீச்சரிடம் எரிந்து விழுந்தேன். "அவ வாழ்க்கையே போயிருக்கும், டீச்சர்!"

அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். "தெரியும் சார். நான் திருத்தியிருந்தா, அங்க அவ இருந்ததா அர்த்தமே இல்ல."

அபிராமி ஒரு மாதம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவரிடம் சைகை கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

புதன்கிழமை அவர் வீட்டில், சவப்பெட்டியின் அருகே நின்று அபிராமி நெடுநேரம் கைகளால் பேசினாள். டீச்சரின் அம்மா என் கையைப் பிடித்தார். "இன்னாப்பா சொல்லுது அந்தப் பொண்ணு?"

நன்றி சொல்கிறாள் என்று முடித்திருக்கலாம். துக்க வீடு, பெற்ற தாய்.

"'பதில் தெரிஞ்சும் அன்னிக்கு எனக்குச் சொல்லல. அந்தக் கோபம் இன்னும் இருக்குது, டீச்சர். அதுக்குள்ள போயிட்டீங்க'ன்னு சொல்றாம்மா."

அந்த அம்மா எழுந்து அபிராமியின் இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

போய் வாருங்கள், டீச்சர். ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை.