விமானத்துக்கு அழுக்கு வைக்கிறவன்

சரக், சரக் என்று தேங்காய் நார் தேய்க்கிற சத்தம் கேட்டால் நான் இன்றைக்கும் எழுந்து கொல்லைக்கு ஓடுவேன். பொம்மை விமானத்துக்கு அழுக்குப் பூசுகிற தொழிலில் இருந்தவனுக்கு அதைவிடக் கெட்ட சத்தம் கிடையாது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ஒன்றை, உங்கள் மேல் அக்கறையுள்ள யாராவது ‘சரி பண்ணி’ வைத்திருக்கிறார்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

தொண்ணூறுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் எனக்கு ராத்திரி சூளை வேலை. பகலில் படுத்தால் தூக்கம் வராது. புரண்டுகொண்டு கிடப்பதற்குப் பதிலாக, அச்சில் பீங்கான் கூழ் ஊற்றி, சாண் நீளத்துக்குப் போர் விமானம் எடுத்து, ஒரு சூடு காட்டி, பெயின்ட் அடிக்க ஆரம்பித்தேன். பளபளவென்று அல்ல. பறந்து பறந்து வெளுத்து, கரி ஏறி, எண்ணெய் ஒழுகின மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு இழுக்கிற டிராக்டரின் புகைக்குழாயைப் பார்த்துப் பார்த்துத்தான் கரி எப்படிப் படியும் என்று கற்றுக்கொண்டேன். ஏர்ஃபோர்ஸில் இருந்தவர்கள், அவர்களுக்குப் பரிசு கொடுக்க நினைப்பவர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் தேடி வந்தார்கள்.

நார்

முதல் விமானம். விளக்குக் கரியை மண்ணெண்ணெயில் குழைத்து, மூன்றே முடி உள்ள பிரஷ்ஷால் பதினைந்து நாள் வேலை. சுவரில் ஒழுகினால் கறை கீழே இறங்கும். விமானத்தில் காற்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அது புரியவே ஒரு வாரம் ஆனது. கொல்லையில் காய வைத்துவிட்டுக் கண் அசந்தேன்.

சரக், சரக். பாத்திரம் விளக்குகிறாள் என்று திரும்பிப் படுத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், என் மனைவி செல்வி விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு, சோப்புத்தூளும் நாருமாக உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. “ஏங்க, பதினஞ்சு நாளா தேய்ச்சும் உங்களுக்குப் போகாத அழுக்கு, எனக்குப் பத்தே நிமிஷத்துல போயிடுச்சு பாருங்க!”

கல்லாவுக்கு மேலே

வேப்பூர் ஹைவேயில் ஓட்டல் வைத்திருந்தவர் ஒன்று வாங்கிப் போய்க் கல்லாவுக்கு மேலே வைத்தார். ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனவன், ஆசையாக எட்டிப் பார்த்தேன். விமானம் மொட்டையாக நின்றது. கரி இல்லை, கறை இல்லை, மூக்கில் மட்டும் சந்தனமும் குங்குமமும். அதற்கு நேர் மேலே ஃபேன், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்து, இறக்கைக்கு ஒரு விரல் கனத்தில் தூசி. நிஜமான, அருமையான அழுக்கு. நான் மாதக்கணக்கில் பூசிப் பார்த்தாலும் வராத அழுக்கு!

கோபத்தை அடக்கிக்கொண்டு ஃபேனைக் காட்டினேன். அவர் சிரித்தார். “அதையெல்லாம் எவன் தொடைக்கிறான்? உங்க பிளேன மட்டும் தினம் காலையில ஈரத்துணி போட்டுத் தொடைச்சிடுவோம்ணே.”

மாப்பிள்ளைச் சீர்

ஏர்ஃபோர்ஸ் மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெண்வீட்டுக்காரர் வந்தார். இறக்கை விளிம்பில் பெயின்ட் உரிந்தது போல நான் விட்டிருந்த வெள்ளித் திட்டுகளை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், வெயிலில் பிடித்தார். கடைசியில் என் காதருகே வந்து கேட்டார். “பழசுன்னா பழசுன்னு இப்பவே சொல்லிடுங்க சார், நாளைக்கு மாப்ள வூட்டுல கேப்பாங்க.”

அரிசி அளவு கறை

கோவிந்தராசு ஐயா திட்டக்குடிக்காரர். இருபது வருஷம் ஒரே ரக ஜெட்டை ரிப்பேர் பார்த்த மெக்கானிக். நான் பிரஷ்ஷை எடுக்கும்முன் ‘காத்து எந்தப் பக்கம்?’ என்று கேட்ட ஒரே மனிதர். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புங்கள்.

அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை ஆபரேஷன். ‘அதுக்கப்புறம் எவ்வளவு தெரியும்னு டாக்டருக்கே தெரியல’ என்றார். அதற்குள் தன் விமானத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். புதுசாக அல்ல, அவர் கைபட்ட மாதிரி. “எடது றெக்கைக்குக் கீழ ஒரு மூடி இருக்கும் தம்பி. உள்ளங்கையால தட்டினாத்தான் தொறக்கும். தட்டித் தட்டி என் கை கிரீஸ் அங்க கறையாவே நின்னுடுச்சு. இதுல அரிசி அளவுதான் வரும். அது இல்லன்னா அது என் பிளேன் இல்ல.”

ஃபர்ஸ்ட் குவாலிட்டி

அந்த அரிசிக்கு மட்டும் நாலு நாள். அத்தனை வேலையும் முடித்து, கடைசிப் பூச்சு சீக்கிரம் உலரட்டும் என்று பட்டறைக்கு எடுத்துப் போய், சூளைப் பக்கத்துச் சூடான பலகையில் வைத்தேன். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: சாக்பீஸ் குறி போடாமல் பலகையில் எது இருந்தாலும் அது சூளைக்குப் போக வேண்டிய சரக்கு. பதினெட்டு வருஷமாக அந்த வழக்கத்தில் வேலை செய்தவன் நான். குறி போட மறந்தேன். காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சரக்கு பார்க்கிற தணிகாசலத்துக்கு ஒரு புள்ளி இருந்தால்கூடப் பொறுக்காது. அன்று ராத்திரி அவன் அடுக்கி மூடி வைத்த சூளைக்கு எண்ணெயைத் திறந்து நெருப்பு வைத்தவன் யார்? நான்தான். விடிகிற வரை துவாரத்தில் கண் வைத்து, சூடு நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டவனும் நான்தான். விமானத்தை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சூளை ஆறி, பிரித்தபோது ஜாடிகளுக்கு நடுவே குளியலறைத் தொட்டி போல வெள்ளை வெளேரென்று நின்றது விமானம். நான் போட்ட கூச்சலில் பட்டறையே கூடிவிட்டது. தணிகாசலம் மட்டும் பரிசு கொடுப்பவனைப் போல அதை நீட்டினான். “ஏண்ணே கத்துறீங்க? ஒரே கறையாக் கெடந்துச்சு. மண்ணெண்ண போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு வர கிளேஸ்ல முக்கிச் சூளையில ஏத்திவுட்டேன். இப்பப் பாருங்க, ஃபர்ஸ்ட் குவாலிட்டி!”

இன்ஸ்பெக்‌ஷன்

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராசு ஐயா பஸ்ஸில் வந்து இறங்கினார். புதனுக்கு மூன்றே நாள். வேறு விமானம் வார்த்து, காய வைத்து, சுட்டெடுக்க நேரமில்லை. வெள்ளைப் பொருளை அவர் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கவிழ்த்தார். இடது இறக்கைக்குக் கீழே கட்டைவிரலால் தடவித் தடவித் தேடினார். தணிகாசலத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் மனசு ஆறும்.

அவர் மெல்லச் சிரித்தார். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். போகிற எண்ணம் இல்லை. “பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷன் வராருன்னா நாங்களும் இப்படித்தான் தேய்ச்சுக் கழுவி நிறுத்துவோம் தம்பி. மறுநாள் பறந்துட்டு வந்தா அழுக்கு தானா வந்துடும். நான் இங்கயே இருக்கேன், புதன்கெழம வரைக்கும் பறக்க வுடுங்க.”

ஊரே கழுவத் துடிக்கிற ஒன்றை அழுக்காக்க வேண்டுமென்றாலும் முதலில் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்கிற கேவலமான தொழில் இது. கண்ணாடி மாதிரி வழுக்குகிற கிளேஸ் மேல் பெயின்ட் பிடிக்காது. சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, இடது இறக்கைக்குக் கீழே தேய்க்க ஆரம்பித்தேன்: சரக், சரக்.