சர்வே கல்லின் சூடு

மணலுக்குள் சர்வேயரின் கடப்பாரை கல்லில் இடித்த சத்தம் கேட்டதும் என் இடது உள்ளங்கை எரிந்தது.

எழுபதுகளில் ஒரு சித்திரை மதியம். சாத்தான்குளத்துச் செம்மணல் தேரியில் எங்கள் பனைவிளையை அளந்து நட்ட எல்லைக்கல் வெயிலில் கொதித்தது. அப்பா என் கையை அதில் வைத்து அழுத்தினார்.

"எரியுதுப்பா!"

"எரியட்டும் ளா மவளே. நாளைக்கு மண்ணு மூடுனாலும் கல்லு எங்கன கெடக்குன்னு மறக்க மாட்ட."

"அண்ணன் கையையும் வைங்க."

"அவனுக்கு வெயிலு ஆகாதுல்லா."

அண்ணன் பனை நிழலில் நுங்கு உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

இன்று நான் காட்டிய இடத்தில்தான் கல் கிடைத்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"உன் பங்கை எனக்கு விட்டுக்குடுத்ததா பத்திரம் எழுதியாச்சு. நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸுல வந்து கைய வச்சிட்டுப் போளா," என்றான். "வெயிலுக்கு முந்தி வா. எனக்கு ஆகாது."