மதகில் நின்ற கார்

என் கார் ஒவ்வொரு மாலையும் ஒரே இடத்தில்தான் நின்றது. எங்கள் தெரு நேராகப் போய் பஸ் சாலையில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மதகு உண்டு. அதை நெருங்கியதும் கார் குளிரில் நடுங்குவது போல நடுங்கும், பிறகு நின்றுவிடும்.

அதை பிரான்சிலிருந்து கொண்டுவந்தவர் மாமா. எனக்குச் சிவப்பு, காரைக்கால் டவுனில் இருந்த பெரியம்மா மகனுக்கு நீலம். பெண் பிள்ளைக்கு எதற்குக் கார் என்று அப்பா கேட்டதற்கு, கடையில் இரண்டு வாங்கினால் விலை குறைவு என்று மாமா உண்மையைச் சொல்லிவிட்டார். என் முழங்கை நீளம் இருக்கும். டயர்கள் ரப்பரில், முள்முள்ளாக. அதுவரை நான் பார்த்த பொம்மைக் கார்களெல்லாம் சாவி கொடுத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்பவை. இது வேறு சாதி என்பது பெட்டியைத் தூக்கும்போதே தெரிந்தது.

ஆனால் விளக்கப் புத்தகம் முழுக்க பிரெஞ்சு. மாமாவோ கல்யாண வேலையாகப் புதுச்சேரி போய்விட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஐயாவைக் கூப்பிட்டோம். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பவர் போல வாசித்தார். பேட்டரியை முதல் தடவை இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏரியலை முழுசாக இழுக்க வேண்டும். முதலில் ரிமோட், அப்புறம்தான் காரின் சுவிட்ச். இரவு முழுக்க என்றதுமே எனக்குக் காது அடைத்துவிட்டது. மீதியை அம்மாதான் உட்கார்ந்து கேட்டாள்.

"ரெண்டு வண்டியும் ஒரே அலைவரிசையாம். பக்கத்துல பக்கத்துல ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கான்" என்றார் ஐயா.

"ஓட்டுனா என்னங்க ஆகும்?" என்று அம்மா கேட்டாள்.

"அது ரிமோட்டுக்கு இது கேக்கும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அமுக்கினா எங்கயும் போவாம நிக்கும்."

மறுநாள் சாயந்தரம் கார் கிளம்பிய வேகத்தில் தெருநாய் திண்டாடிப் போனது. நான் பின்னாலேயே ஓடினேன். கார் எங்கே போனாலும் அதன் பின்சக்கரத்தைப் பார்த்தபடி ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஓட்டும் முறை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தான் வீட்டில் இல்லாத நாட்களில் பேட்டரியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். பெரியம்மா மகன் தன் காரை ஒரே மாதத்தில் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தான்.

அதன் பிறகு கொஞ்ச நாளில்தான் மதகுப் பிரச்சினை ஆரம்பித்தது. தூரம்தான் காரணமோ என்று தெருவின் மறுகோடியில் வயல் பக்கம் விட்டுப் பார்த்தேன். அதைவிட அதிக தூரம் சுகமாக ஓடியது. மதகுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இழுக்கிறதோ என்று பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெரியம்மா மகன் பேய் என்றான். தன் காரைக் கொன்றதும் அதே பேய்தானாம்.

மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அதுக்கு அங்க போவப் பிடிக்கல போலருக்கு" என்றாள்.

ஒருநாள் காரின் ஏரியல் கம்பியில் சாக்லேட் காகிதத்தைச் சுற்றினேன். அன்று பெரியம்மா வந்திருந்தாள். உள்ளே பேச்சு முடியவில்லை, மாடியில் துணி எடுக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது. கார் மதகை நெருங்கியது. நடுங்கவில்லை. தாண்டியது. என் காகிதம் ஜெயித்துவிட்டது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன், கண் பின்சக்கரத்தில்.

பிரேக் சத்தம் கேட்டபோது நாகப்பட்டினம் பஸ்ஸின் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கார் அதன் முன்சக்கரத்துக்கு அடியில். கண்டக்டர் இறங்கித் திட்டியது எதுவும் எனக்கு ஏறவில்லை. அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவள் கையில் நீல ரிமோட், ஏரியல் முழுசாக இழுத்தபடி. கார் நொறுங்கிக் கிடந்தது. அவள் கட்டைவிரல் மட்டும் இன்னும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மா மகனின் ரிமோட்டை எப்போது வாங்கிவந்தாள் என்று எனக்குத் தெரியாது. எதற்கு என்பது மட்டும் உடனே புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"நீதான் என் காரை நிறுத்துனியா?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஆமாண்டி. எனக்கும் வெளையாடணும்னு ஆசையா இருந்துச்சு."

பல நாள் அவளோடு பேசவில்லை. பின்னால் அதுவே குடும்பத்தில் வேடிக்கைக் கதையாகிவிட்டது. பிள்ளையோடு காருக்குப் போட்டி போட்டவள் என்று கல்யாண வீடுகளில் பெரியம்மா கேலி செய்வாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

போன வாரம் என் மகன் முதன்முறையாகத் தனியாகச் சைக்கிளில் டியூஷனுக்குப் போனான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அவன் திரும்பவும் ஒரு பஸ் வரவும் சரியாக இருந்தது. பிரேக் சத்தம். அவன் ஓரமாகக் காலூன்றி நின்றுவிட்டு, பஸ் போனதும் மிதித்துப் போனான். ஒன்றும் ஆகவில்லை.

அவன் மறைந்த பிறகுதான் கவனித்தேன். என் வலது கட்டைவிரல் கைப்பிடிச் சுவரை நகம் வெளுக்க அமுக்கிக்கொண்டிருந்தது. அம்மா நிறுத்தப் பார்த்தது காரை என்றுதான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.