சனிக்கிழமைத் தொப்பிக்காரர்

சனிக்கிழமை விடிந்தால் கிளியோஃபஸ் டேட்டம் முகத்தை மழமழவென்று மழித்துக்கொள்வார். மனைவி எர்னஸ்டீன் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டி, வாசனைத் தைலம் தடவி, பழுப்புத் தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு பையோடு காரில் ஏறிவிடுவார். எங்கே என்று கேட்டால், "பெரிய மனுஷனுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும்" என்பார். மதியம் திரும்பும்போது அவர்மேல் வேறு ஏதோ சோப்பு வாசனை வீசும். போதாக்குறைக்கு வாயில் பாட்டு வேறு.

அமெரிக்காவின் மேக்கன் நகரத்துத் தேவாலயங்களில் பாதி அவர் செங்கல் வைத்துக் கட்டியவை. கொத்து வேலையை விட்ட பிறகும், எந்தச் சுவரைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஞாயிறு ஆராதனை முடிந்தால் பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப்பேரர்கள் எல்லாருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. பொரித்த கோழி ஆறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பீச் பழ இனிப்பில்தான் முதல் கரண்டி போடுவார்.

"இனிப்பு வர்றதுக்குள்ள செத்துப் போயிட்டா யாரு பொறுப்பு?"

ஏரிக்கு மீன் பிடிக்கப் போனாலும் படகில் கால் வைக்க மாட்டார். "மீனுதான் என்னைத் தேடி வரணும். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மூத்த மகள் வெர்டெலுக்கு அப்பா என்றால் உயிர். அந்தச் சோப்பு வாசனையை மட்டும் அவளால் செரிக்க முடியவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் வாராவாரம் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். கொள்ளுப்பேத்தி எடுத்த வயதில் இதெல்லாம் தேவையா?

போன வசந்தத்தில் கிளியோஃபஸ் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்க ஆராதனையில், பேசுகிறவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? ஆளாளுக்கு அழுது, சிரித்து முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெண் எழுந்து வந்தாள். அவளை யாருக்கும் தெரியாது.

"சனிக்கிழமையானா அவரு என்கிட்டதான் வருவாரு" என்று ஆரம்பித்தாள்.

சபையில் ஆடிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன. வெர்டெல் அம்மா பக்கம் திரும்பினாள். இத்தனை பேர் முன்னால் அம்மாவுக்கு இந்த அவமானம் வேண்டுமா? முன்வரிசையில் அம்மா அசையவில்லை.

"ஐயோ, வேற எதுவும் நெனச்சிராதீங்க! நான் ஒடெஸ்ஸா. நீச்சல் குளத்துல சொல்லிக்குடுக்கிறவ. அவரு சின்னப் பையனா இருந்தப்ப நம்ம கறுப்பு ஜனங்கள எந்த நீச்சல் குளத்துலயும் விடலியே. 'கொள்ளுப்பேத்தி ஏரியில விழுந்தா நான் கரையில நின்னு கத்திக்கிட்டா இருப்பேன்? எனக்கு நீச்சல் சொல்லிக்குடு தாயி. வீட்ல மட்டும் சொல்லிராத, சிரிச்சே கொன்னுடுவாளுங்க'ன்னாரு. வாராவாரம் தண்ணியில இறங்கி, அங்கயே சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுப் போவாரு. ரொம்ப நாளு குளத்து ஓரக் கம்பிய விடவே இல்ல. போன மாசம் இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நீந்திட்டாரு! ஏறி வந்து குழந்தையாட்டம் குதிச்சாரு."

"ஆமென்!" என்று பாஸ்டர் முழங்க, சபையே கொல்லென்று சிரித்தது. வெர்டெலுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. தான் சிரிக்கிறோமா அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒடெஸ்ஸா தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். முன்வரிசையைக் கடக்கும்போது எர்னஸ்டீன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் உண்டான இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.