அமோனியா பிஸ்கட்

தீபாவளிக்கு எங்கள் தெருவில் எட்டு வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பதில் தட்டு அனுப்புவோம். வருஷா வருஷம் கலகலாவும் அச்சு முறுக்கும் சுட்டு இரண்டே நாளில் கையைக் கழுவிவிடுகிறவள் நான். அந்த வருஷம் மருமகள் குறுக்கே வந்தாள்.

அவள் நார்வேக்காரி. ஒரகடத்துக் கம்பெனி என் மகனைப் பயிற்சிக்கு நார்வே அனுப்பியது. அவன் பயிற்சியோடு கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு வந்து நின்றான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசியதெல்லாம் “சரி”, “வேண்டாம்”, “காரம்”. இந்த மூன்று வார்த்தைகளில் குடும்பம் நடத்தினாள். மீதியை மகன் மொழிபெயர்த்தான்.

அவனை நார்வேக்கே மாற்றுவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. புது வருஷத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். “அவ இஷ்டம்தாம்மா. இங்க விருந்தாளி மாதிரி இருக்கேன்னு சொல்றா,” என்றான். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் போய்விட்டால் நானும் அவன் அப்பாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான், இந்த வருஷம் தட்டில் தன் ஊர் வெண்ணெய் பிஸ்கட் வைக்கலாமா என்று மருமகள் என் மகன் மூலமாகக் கேட்டபோது, வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஆட்டியிருக்கவே கூடாது. வெண்ணெயில் உப்பு இருக்கக் கூடாது, தண்ணீர் இருக்கக் கூடாது. மைதாவைக் கையால் அள்ளிப் போடக் கூடாது, தராசில் நிறுக்க வேண்டும். நான் அள்ளிப் போட்டே இந்தக் குடும்பம் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறது என்பதை யார் அவளுக்கு மொழிபெயர்ப்பது? மாவைப் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி, முள்கரண்டியால் அழுத்தி, முட்டையின் வெள்ளையைத் தடவி, பாதாமும் கட்டிச் சர்க்கரையும் தூவ வேண்டும். கேட்கச் சுலபம்தான். அவள் ஊர்க் குளிரில் சமர்த்தாக இருக்கும் அந்த மாவு, எங்கள் சமையலறையில் உருட்டும்போதே விரல் இடுக்கில் ஒழுகியது. உருட்டு, பிரிட்ஜில் வை, எடு, அழுத்து, மறுபடியும் வை. மாவுக்கு இடம் விட்டு வெளியே வந்த மீன் குழம்பு கெட்டுப்போனது. கட்டிச் சர்க்கரை எங்கும் கிடைக்காமல் கல்கண்டை நசுக்கினோம். மகன் வருவதும் மாவைக் கிள்ளி வாயில் போடுவதும் போவதுமாக இருந்தான். அவன் அப்பாவோ, “இந்த வருஷம் அச்சு முறுக்கு கிடையாதா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

இது போதாதென்று, பிஸ்கட் பொரபொரவென்று வர ஏதோ ஒரு உப்பு வேண்டும் என்றாள். மான் கொம்பு உப்பு என்று மகன் மொழிபெயர்த்தான். நான் மானுக்கு எங்கே போவேன்? கடைசியில் வாலாஜாபாத் பேக்கரிக்காரர், அவன் போனில் காட்டிய படத்தைப் பார்த்துச் சிரித்தார். “இது அமோனியாம்மா. நாங்களும் பிஸ்கட்டுக்கு இத்ததான் போடறோம். வேகசொல்ல வாடை அடிக்கும், ஆறினா பூடும்,” என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவர் கொடுத்தது புத்தம் புதுசு, வீரியம் அதிகம். எட்டு வீட்டுக்கான மாவு என்று மருமகள் கரண்டி கரண்டியாகப் போட்டாள்.

முதல் தட்டு பாதி வெந்திருக்கும்போது ஓவன் கதவைத் திறந்தாள். கண்ணில் ஊசி குத்தியது. நான் ஓடிப்போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். அந்த ஃபேன் நேராகப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்திருக்கிறது. அங்கே நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்பவர். அந்தக் கிடங்கைக் குளிர வைப்பதே அமோனியாதான்.

“லீக்கு! அமோனியா லீக்கு! அல்லாரும் வெளிய வாங்க!”

வேறு தெருவாக இருந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் உள்ளே வந்திருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலையில் இருக்கிறார்கள், எல்லோரும் வாயுக் கசிவுக்கு ஒத்திகை பார்த்தவர்கள். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கொடியில் ஆடும் புடவையைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணித்து, தண்ணீர் டேங்க் பக்கத்துக் காலி மனையில் போய் வரிசையாக நின்றுவிட்டார்கள். என் கணவரும் ஈரத் துண்டோடு சமர்த்தாக அந்த வரிசையில் நின்றார்.

“தம்பி, அது பிஸ்கட்டுப்பா!” என்று கத்தினேன்.

“யம்மா, பேசாத. மூக்க மூடு,” என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு போனார். உள்ளே தட்டு கருகிக்கொண்டிருந்தது. தலைகளை எண்ணி முடிக்காமல் யாரும் திரும்பிப் போகக் கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

“வூட்டுக்கு எத்தினி பேரு, சொல்லிக்கினே வாங்க!” என்று அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்தது. நான் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. மகன் இருமிக்கொண்டிருந்தான். மருமகள் கையெல்லாம் மாவோடு, முகம் சிவந்து நின்றாள். போச்சு, இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னாள்: “எங்க வூட்ல நாலு பேரு. நாலு பேரும் இங்க கீறோம். பிஸ்கட்டு மட்டும் உள்ள கீது.”

மொத்தத் தெருவும் சிரித்தது. மூக்கில் இருந்த துண்டை இறக்கிவிட்டு அவரும் சிரித்தார். “நான்தான் சொல்லிக் குடுத்தேன்!” என்று அவர் மனைவி பெருமையாகச் சொன்னாள். துணி காயப்போடும்போது காம்பவுண்டு சுவருக்கு மேலே இத்தனை நாளும் பாடம் நடந்திருக்கிறது. எனக்கு மூன்று வார்த்தை, அவளுக்கு முழுத் தமிழா என்று வயிறு எரிந்தது. ஆனால் மருமகள் “எங்க வூட்ல” என்றாளே. திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் இருமலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதல் தட்டு கரியாகிவிட்டது. மாவையும் முழுதாகக் கொட்டிவிட்டு, அமோனியாவைக் குறைத்துப் புதிதாகப் பிசைந்தோம். எட்டு தட்டும் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். சர்க்கரை கம்மி, டீக்கு நல்லாருக்கு என்று தீர்ப்பு வந்தது.

மறுநாள் நான் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகன் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்துப் பேசினாள்.

“அத்தை, எங்க ஊர்ல கிறிஸ்மஸுக்கு ஏழு வகை பிஸ்கட்டு செய்யணும். இந்த வருஷம் ஒண்ணுதான். அடுத்த வருஷம் ஏழும் செய்யலாம்.”

ஏழு வகை! தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னதில் “அடுத்த வருஷம்” என்று ஒன்று இருந்தது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. சோப்புக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கண் இன்னும் எரிந்தது.

“செய்யலாம்,” என்றேன். “மொதல்ல உம் புருஷன ஒரு பெரிய பிரிட்ஜ் வாங்கச் சொல்லு.”