வளைவில் கட்டிய பாவு

காத்தான்குடியில் நான் பார்த்த அந்த நெசவாளி ஒல்லியானவர். தாடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். பஸ் வரும் வேளையில்தான் தறிக்கான நீள நூல்களை இழுத்துத் தெருவில் பாவு கட்டுவார். பாவு நூல் நேராக நிற்கவேண்டும். தெருவோ அங்கே வளைகிறது. ஆகவே நூல் வழியை மறித்தது. அந்த வளைவில் வேகமாக வந்த அதே பஸ்தான் அவர் மகளின் காலை முறித்திருந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லித் தெருவார் முறையிட்டும் பலனில்லை.

நான் அந்த பஸ்ஸில் வந்த அன்று சாரதி இறங்கிப் போய், அண்ணனை அந்த ஊரில் அழைக்கும் முறையில் அவரைக் கூப்பிட்டார். "காக்கா, அவிழ்த்து விடுங்க. நேரம் போகுது."

"நேரம் நாளைக்கும் வரும், தம்பி. மகள்ட கால் வருமா? அவக்கிட்டயே கேளுங்க."

வாசலில் கால் நீட்டியிருந்த சிறுமியிடம் சாரதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து எங்களிடம், "நாளைக்கு விடுறாவாம்," என்றார்.

பஸ் பின்னோக்கி நகர்ந்தது. நெசவாளியின் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அவர் அறுந்த இழையொன்றை நிதானமாக முடிந்துகொண்டிருந்தார்.