வலியில்லை என்றால் ஒரு முட்டை

டுரியான் துங்கால் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் வசிக்கும் பவானேஸ்வரிக்கு வயது நாற்பத்தாறு. உடம்பில் வலிக்காத இடம் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது காதுமடல் என்பாள். நான்கு வருடம் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கிய பிறகு, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அந்த வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். இவ்வளவு நீளப் பெயர் கிடைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் இது தெரியாது என்று அவர் சேர்த்துச் சொன்னதில்தான் குடும்பத்துக்கு நிம்மதி.

டாக்டர் ஒரு கடிதமும் கொடுத்தார். அதன் பலனாகக் கையுறைத் தொழிற்சாலையில், ஓட்டை பார்க்கும் வரிசையில், பதினாறு பெண்கள் நிற்க இவளுக்கு மட்டும் முதுகு சாய்கிற நீல நாற்காலி ஒன்று வந்தது. ஆறு மாதத்துக்கு. நின்று வேலை பார்த்த காலத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். உட்கார ஆரம்பித்தபின் தானே ஏறினாள். நாற்காலி போனால் பின்னாலேயே வேலையும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு மாதம் முடிந்ததும் அதை நீட்டிப்பதும் நிறுத்துவதும் எச்.ஆர். ஆபீசர் காந்தன் கையில் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி டாக்டர் அதிகம் பேசவில்லை. இதைத் தீர்க்கிற பத்தியம் என்று ஒன்று கிடையாது. சிலருக்குச் சிலது ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டதையும் வலியையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான். அந்த நோட்டு பெரியநாயகி கைக்குப் போகும் என்று பாவம் அவர் கண்டாரா?

பெரியநாயகி, பவானேஸ்வரியின் புருஷன் வசந்தனுக்கு அக்கா. லூபோக் சீனாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபத்திரண்டு வருடம் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் விற்றவர். ஒரே எண்ணெயை மூன்று தடவைக்கு மேல் காய்ச்சமாட்டார் என்று பெயரெடுத்தவர். இப்பேர்ப்பட்ட ஊட்டச்சத்து நிபுணர் வீட்டோடு இருக்கையில் வெளியாள் எதற்கு? அவர் வகுத்த சட்டம் எளிமையானது. காலையில் பவானேஸ்வரி வலிக்கிறது என்றால், முந்தின நாள் தின்றதில் ஒன்று குற்றவாளி. குற்றவாளிக்கு அந்தச் சமையலறையில் இடமில்லை.

முழங்கை வலித்தது, கத்தரிக்காய் போயிற்று. இடுப்புக்குத் தயிர். கழுத்துக்குத் தே தாரே என்கிற ஆற்றிய பால் டீ. இரண்டு தோளும் சேர்ந்து வலித்த ஒரு செவ்வாய்க்கிழமை, ரொட்டி சானாயும் மிளகாய்ச் சம்பாலும் ஒரே தீர்ப்பில் நாடு கடத்தப்பட்டன. மூன்றாம் மாத முடிவில் கேழ்வரகுக் கூழும் உப்பில்லாப் பூசணிக்காயும் மட்டுமே நிரபராதிகளாக மிஞ்சின. அப்போதும் வலித்தது. ஆகவே அவள் வெளியே திருடித் தின்கிறாள் என்பது தர்க்கப்படி நிரூபணமாயிற்று. கைப்பை சோதிக்கப்பட்டது. சுங்கை ஊடாங்கில் ஷிப்டு முடித்து வரும் வசந்தன் மிக நல்லவன். அக்கா எதிரே தன் வாயைத் திறக்காதவன். மனைவியின் வாயைத்தான் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தான்.

ஒரு நாள் காலையில், விசாரணையாவது மிச்சமாகட்டும் என்று, "இன்னிக்கு அவ்வளவா வலிக்கல அண்ணி" என்றாள் பவானேஸ்வரி.

அன்று மத்தியானம் தட்டில் ஒரு அவித்த முட்டை இருந்தது.

மறுநாள் இன்னும் கொஞ்சம் தேவலை என்றாள். தே வந்தது, சீனியோடு. முதுகுவலி சுத்தமாக விட்டுவிட்டது என்ற வியாழக்கிழமை மீன்குழம்பு. உண்மையைவிடப் பொய்யில்தான் புரதம் அதிகம் என்று கண்டுகொண்டாள். வலி தாங்காதபோது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெளியே வரும்போது, பத்தியம் முகத்தில் தெரிகிறது என்பார் பெரியநாயகி.

நிபுணத்துவத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா? வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பூசை முடிந்ததும் மகளிர் குழு முன்னால் பவானேஸ்வரி நிறுத்தப்பட்டாள். போன் தயாரானது. "ரெண்டு கையையும் தூக்கு பவானி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் பெரியநாயகி. தூக்கினாள். பதினோரு வினாடி வீடியோ. கூலி, கோழிப் பிரட்டல். ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழுக்களெல்லாம் சுற்றி, ஊர்க் கடைகளில் கேழ்வரகு தட்டுப்பாடு வந்தது.

நாற்காலியின் கெடு முடிகிற வாரம், வெள்ளிக்கிழமை, காந்தன் கூப்பிட்டனுப்பினான். நல்ல பையன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். டாக்டரின் புதுக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தான். பிறகு போனை எடுத்து அந்தப் பதினோரு வினாடியைப் போட்டுக் காட்டினான்.

"சந்தோசம்க்கா. நல்லா ஆயிட்டீங்க. இனி நாற்காலி எதுக்குலா?"

"அது பொய் தம்பி. சோத்துக்காகத் தூக்கின கை. வலி ஒரு நாள்கூட நிக்கல."

காந்தன் பேனாவை மூடி வைத்தான். அவனுடைய அம்மா முனியம்மாவுக்கும் வருடக்கணக்காக உடம்புவலி. வீடியோவைப் பார்த்த அன்றே, பாசமுள்ள மகனாக, வீட்டில் அதே பத்தியத்தை அமுல்படுத்தியிருந்தான்.

"எங்கம்மாவும் ஒன்றரை மாசமா கூழுதான் குடிக்கிறாங்க. வலியே இல்லைங்கிறாங்க. அப்ப அவங்களும் பொய் சொல்றாங்களா?"

நாற்காலியை நினைத்திருந்தால் இங்கே வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் முகம் தெரியாத அந்தக் கிழவியைப் பூசணிக்காய்க்கு முன்னால் மனதுக்குள் உட்கார்த்திப் பார்த்துவிட்டாள் பவானேஸ்வரி.

"கேட்டுப் பாருங்க தம்பி. அவங்களுக்கும் பசிக்கும்ல."

காந்தன் முகத்தில் இருந்த அக்கா போய்விட்டது. திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை வரிசையில் நாற்காலி இல்லை. சூப்பர்வைசர் அறையில், கையுறைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு முதுகு சாய்ந்திருந்தது. பவானேஸ்வரி நின்றாள். பத்து மணிக்குப் பாதம் எரிந்தது, பதினொன்றுக்கு இடுப்பு, அதன்பிறகு எது எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மகன் போனில் நம்பரைப் பார்த்து வைத்திருந்த காந்தனின் அம்மா முனியம்மா.

"ஏன்டி, ஒனக்கு ஒக்கார எடம் வேணும்னா என் பிஸ்கட் டின்னத்தான் காட்டிக் குடுக்கணுமா?"

பவானேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவியே திட்டுக்கு நடுவில் விளக்கினாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன மகன், உங்களுக்கும் பசிக்குமாமே என்று பவானி அக்கா சொன்னதைச் சொல்லிக்கொண்டே சமையலறையைத் துழாவி, அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டானாம். டின் அகப்பட்டுவிட்டது. இப்போது சமையலறைக்குப் பூட்டு, சாவி மருமகளிடம், வேளைக்கு ஒரு கிண்ணம் கூழ்.

"சத்தியமா எனக்கு டின்னு இருக்கிறதே தெரியாதும்மா."

"தெரியாமலே இவ்ளோ பண்றவ, தெரிஞ்சிருந்தா?"

பவானேஸ்வரி பக்கத்துச் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் செருப்பு தரையில் தேய்ந்தது. மருமகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு வலியும் இல்ல" என்று உரக்கச் சொல்லிவிட்டு முனியம்மா போனை வைத்தாள்.

மணி அடித்தது. இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. பவானேஸ்வரி போய் நின்றாள்.